இரவுச் சமையலுக்கு எது கைகொடுக்கும்: அரிசியும் பருப்புமா, பச்சைப் பயறா, கொள்ளா, சந்தகையா?

மில்லில் ஷிப்டு முடிந்தோ, பனியன் கம்பெனியிலிருந்தோ, கடையைச் சாத்திவிட்டோ வீடு திரும்பும்போது மணி எட்டு ஆகிவிடுகிறது. "ராத்திரிக்கு என்ன?" என்ற கேள்விக்குக் கொங்கு வீடுகளில் யோசிக்காமல் வரும் பதில், அரிசியும் பருப்பும். அதைவிடச் சுலபமான சமையல் உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்பதுதான் என் கட்சி.

ருசியை வைத்து ஒப்பிட்டால் இந்த வழக்கு தீராது. அவரவர் வீட்டில் எப்படி வைத்தார்களோ அதுதான் அவரவருக்கு ருசி. சத்தைக் கொண்டும் தீர்ப்பு எழுத முடியாது. துவரை, பச்சைப் பயறு, கொள்ளு மூன்றிலும் 100 கிராமுக்குப் புரதம் 21 முதல் 23 கிராம் வரைதான். சுண்ணாம்புச் சத்தில் மட்டும் கொள்ளு துவரையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நிற்கிறது. எனவே வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். களைத்துப்போன கையில் ஏதாவது ஒன்று பிசகத்தான் செய்யும். அப்படிப் பிசகும்போது எந்தச் சமையல் மறுவாய்ப்புக் கொடுக்கிறது, எது காலை வாரிவிடுகிறது?

அரிசியும் பருப்பும் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரே பாத்திரம். கடலை எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை; கை நிறையச் சின்ன வெங்காயம், உரித்த பூண்டு முழுதாக, ஒரு தக்காளி, மஞ்சள் தூள். அரை மணி நேரம் ஊறிய அரிசியும் துவரம் பருப்பும் உள்ளே போகும். மூன்று விசில், மேலே நெய், பக்கத்தில் தயிரும் சுட்ட அப்பளமும். சில வீடுகளில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடுவார்கள். சோற்றுக்கு நடுவில் அது பல்லில் கடிபடுவதற்காகவே இரண்டாவது தட்டு கேட்கிறவர்களைத் தெரியும். கூட்டு, பொரியல், ரசம் எதையும் இது எதிர்பார்ப்பதில்லை. ஒரு பாத்திரம் கழுவினால் வேலை முடிந்தது.

சிக்கல் குக்கர் மூடியில் இருக்கிறது. மூடிய பிறகு உள்ளே நடப்பது எதுவும் நம் கையில் இல்லை. அரிசியும் பருப்பும் வேகும் வேகம் வேறு, குடிக்கும் தண்ணீரின் அளவு வேறு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே அளவில் ஊற்றிவிட்டு மூடுகிறோம். பழைய அரிசி தண்ணீரை நன்றாக இழுக்கும். புது அரிசி வந்த மாதத்தில் அதே அளவு ஊற்றினால் சாதம் குழைந்து களியாகிவிடும். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குச் சற்றுக் கூடுதலாகப் பருப்பு, அரிசி பருப்பு இரண்டையும் கூட்டி ஒன்றுக்கு இரண்டரை தண்ணீர் என்பது பழைய பொன்னிக்குச் சரிப்படும். புது அரிசியென்றால் கால் டம்ளர் குறைக்க வேண்டும். கடைக்காரர் மூட்டை மாற்றிய சேதி நமக்கு அடுப்பில்தான் தெரியவரும்.

குழைந்தால்கூடப் பரவாயில்லை, நெய்யையும் மிளகுப் பொடியையும் போட்டால் குழந்தைகள் அதைத்தான் விரும்பிச் சாப்பிடும். நறுக்கரிசியாக நின்றாலும் வழி இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரைக் கையளவு சுற்றிலும் தெளித்து, குக்கரைத் தோசைக்கல்லின் மேல் ஏற்றி, சிறு தீயில் பத்து நிமிடம் மூடி வைத்தால் அரிசி மலர்ந்துவிடும். காப்பாற்ற முடியாதது அடிப்பிடித்தல். வெங்காயமும் தக்காளியும் வதங்கும்போது அடியில் ஒரு பசை ஒட்டும். தண்ணீரை ஊற்றிய கையோடு சட்டுவத்தால் அதைச் சுரண்டிக் கிளறிவிடாமல் மூடினால், பருப்பு அந்தப் பசையின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் விசிலின் ஆவியில் பூண்டு மணக்கும். மூன்றாவது விசிலில் அதற்கடியில் மெலிதாக ஒரு கருகல் வாடை வரும். அப்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். திறந்தபின் கரண்டியை அடிவரைக்கும் விடாமல், மேலே உள்ளதை மட்டும் வேறு போசிக்கு மாற்றினால் பாதி தேறும். அடியைச் சுரண்டிக் கலந்துவிட்டால் நெய்யோ ஊறுகாயோ அந்த வாடையை மறைக்காது.

நுரைத் தொல்லை தனி. பருப்பு கொதிக்கும்போது பொங்குகிற நுரை விசில் துளையில் ஏறி அடைத்துக்கொள்ளும். குக்கருக்குள் சூடு ஏறத்தாழ 120 டிகிரி வரை போகிறது. வெளியேற வழியில்லாத ஆவிக்குப் பாதுகாப்பு வால்வு ஒன்றுதான் துணை. பருப்பும் அரிசியும் வேகும்போது குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒரு கரண்டி எண்ணெய் நுரையை அடக்கும். வெயிட்டைத் தூக்கித் துளைக்கு எதிரே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து விநாடி போதும். பசி அவசரத்தில் வெயிட்டைக் கரண்டியால் நெம்பித் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வருவது ஆவி மட்டுமாக இருந்தால் சரி, மஞ்சள் கஞ்சி கூரைவரைக்கும் பீய்ச்சியடித்த சமையலறைகளும் உண்டு. சுவரில் பட்ட மஞ்சள் கறை அடுத்த வெள்ளையடிப்பு வரைக்கும் போவதில்லை.

இத்தனைக்கும் நடுவில் பச்சைப் பயறு கடைசலை ஏன் யாரும் முதலில் நினைப்பதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம். துவரைபோல் மவுசு இல்லை, கொள்ளுபோல் பேரும் இல்லை. ஆனால் ஊறவைக்க மறந்துவிட்டோம் என்ற கவலையே இதில் கிடையாது. வெறும் வடைச்சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, கழுவி, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகத்தோடு குக்கரில் நான்கைந்து விசில் விட்டால் தோல் வெடித்து நிற்கும். உப்புப் போட்டு மத்தால் கடைய வேண்டும். முழுக்கக் கூழாக்கிவிடாமல், மத்தைச் சட்டியின் ஓரத்தில் வைத்து அழுத்திச் சுழற்றினால், பாதிப் பயறு மசிந்து பாதி முழுசாக நிற்கும். பச்சைத் தோல் ஆங்காங்கே சுருண்டு தெரியும். அந்தப் பதத்தில் நிறுத்திக் கடுகு, வரமிளகாய் தாளித்தால் சுடுசோற்றுக்கு வேறொன்றும் தேவையில்லை.

சோறு தனி, பயறு தனி என்பதுதான் இதன் பலம். தண்ணீர் கூடினால் திறந்து வைத்துச் சுண்டவிடலாம். குறைந்தால் வெந்நீர் ஊற்றலாம். வேகவில்லையென்றால் இன்னும் இரண்டு விசில். சோறு குழைந்தாலும் பயறுக்குச் சேதமில்லை. உப்பு கூடிப்போனால்கூடச் சமாளிக்கலாம், உருளைக்கிழங்கால் அல்ல. உருளைக்கிழங்கைப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. அது குழம்புத் தண்ணீரைத்தான் கொஞ்சம் குடிக்கும். உப்பை மட்டும் தேடிப் பிடிக்காது, மீதிக் குழம்பு அதே உப்போடுதான் இருக்கும். வெந்நீர் ஊற்றி, உப்பில்லாத பயறு ஒரு கைப்பிடி வேகவைத்துச் சேர்ப்பதே வழி. அரிசியும் பருப்பும் உப்புக் கூடினால் இந்த வசதி இல்லை, உப்பில்லாத கெட்டித் தயிரைப் பிசைந்து விழுங்க வேண்டியதுதான்.

கொள்ளுப் பருப்பின் கதை வேறு. இது கொங்கு நாட்டின் செல்லப் பிள்ளை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிச் சொல்லியே வாரத்துக்கு ஒரு நாள் வைத்துவிடுவார்கள். வைத்தால் இரட்டை லாபம்: வெந்த தண்ணீரை வடித்து ரசம், வெந்த கொள்ளை வரமிளகாய், வரக்கொத்தமல்லி, சீரகம், பூண்டோடு அரைத்துக் கடைசல். சுவையில் இந்த நான்கில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஆனால் வேலை நாள் இரவுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் தடை கல். கொள்ளின் நிறத்திலேயே, கொள்ளின் அளவிலேயே கல் கிடக்கும். டியூப் லைட் வெளிச்சத்தில் முறத்தில் பரப்பினாலும் தப்பிவிடும். பகலில் பொறுக்கி டப்பாவில் போட்டு வைத்தவருக்குத்தான் இரவில் நிம்மதி. இரண்டாவது ஊறல்: காலையில் கிளம்பும்போதே தண்ணீரில் போட்டிருக்க வேண்டும். மூன்றாவது, பலருக்கும் பிடிபடாத ஒன்று, தண்ணீர்.

சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டில் ஊறிய கொள்ளு ஆறேழு விசிலில் பஞ்சாக மசிகிறது. அதே கொள்ளைத் திருப்பூர், பல்லடம், காங்கயம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் போட்டால் பன்னிரண்டு விசிலுக்குப் பிறகும் விரலுக்கு நடுவில் வழுக்கி ஓடும். அடுப்பைத் திட்டுவார்கள், கேஸ்கட்டை மாற்றுவார்கள், மளிகைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பயறின் செல் சுவரிலுள்ள பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகின்றன. அது கரைந்தால்தான் பயறு மசியும். ஒரு வருடம் பரணில் வெக்கையில் கிடந்த பழைய கொள்ளு என்றால் இன்னும் மோசம். குடிதண்ணீரில் ஊறவைத்துக் குடிதண்ணீரிலேயே வேகவைப்பது ஒன்றே நல்ல வழி. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் மசியும் என்பது உண்மைதான், ஆனால் பி வைட்டமினில் ஒரு பங்கு அழிந்துபோகும். சிட்டிகை கொஞ்சம் கூடினால் ரசத்தில் சோப்பு வாடை அடிக்கும். தக்காளியையும் புளியையும் கொள்ளு வெந்தபிறகுதான் சேர்க்க வேண்டும், புளிப்பு விழுந்த பயறு வேக மறுக்கும்.

இதெல்லாம் தாண்டி வந்தால் கடைசியில் மிக்சி காத்திருக்கிறது. அம்மியிலோ ஆட்டுக்கல்லிலோ அரைத்த காலத்தில் சூடான கொள்ளு ஒரு பிரச்சினையே இல்லை. மிக்சி ஜாரில் ஆவி பறக்கப் போட்டு மூடியை அழுத்தி ஓட்டினால், உள்ளே விரியும் ஆவி மூடியைத் தூக்கி எறிந்துவிடும். கொள்ளு விழுது கையைச் சுடும், கண்ணில் பட்டால் மிளகாயும் சேர்ந்து எரியும். தட்டில் பரப்பிக் காற்றாடியின் கீழ் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும். எட்டே முக்கால் மணிக்கு அந்தப் பத்து நிமிடம் யாரிடம் இருக்கிறது?

சந்தகை இந்தப் போட்டியில் நிற்பதே ஒரு மரியாதைக்காக. ஊறிய புழுங்கல் அரிசியை உளுந்து சேர்க்காமல் வெண்ணெய்போல் அரைத்து, இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூடு தணியுமுன் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஒருவர் பலகையைப் பிடிக்க, ஒருவர் அச்சைச் சுற்ற, ஒருவர் ஆவியிலிருந்து எடுத்துக்கொடுக்க என்று ஆள்பலம் கேட்கிற சமையல் இது. மாவு கொஞ்சம் நறநறப்பாக இருந்தால் இழை துண்டு துண்டாக விழும். இட்லி ஆறிவிட்டால் அச்சு அசையாது. பலம் காட்டித் திருகினால் மரை தேய்ந்துபோகும். மறுபடி ஆவியில் ஐந்து நிமிடம் வைத்துச் சூடேற்றுவதுதான் பரிகாரம். தேங்காய்ப் பாலும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும் ஊற்றிச் சாப்பிடும்போது பட்ட பாடெல்லாம் மறந்துபோகும், அது உண்மை. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமைக்கு, விருந்தாளி வந்த நாளுக்கு. இழை இழையாகக் காய்ந்த சேமியாவைக் கடையில் வாங்கித் தாளித்துச் சந்தகை என்று பரிமாறுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

கடை மாவுப் பாக்கெட்டையும் சேர்க்கவில்லையே என்று கேட்கலாம். வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர்க்காரர்கள் மாவைப் பையில் வாங்குவதில் எனக்குக் கோபம் இல்லை, வேலைச் சுமை அப்படி. இரவு எட்டு மணிக்கு வாங்கும் மாவு, வெயில் காலத்தில் காலையிலிருந்தே புளித்துக்கொண்டிருக்கும் என்பதால் சேர்க்கவில்லை. பங்குனி, சித்திரையில் அதைத் தோசை ஊற்றினால் மோரில் முக்கியதுபோல் இருக்கும்.

என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் எந்த நாளாக இருந்தாலும், கேஸ் அடுப்பில் இரண்டு பர்னர் காலியாக இருந்தால் பச்சைப் பயறு. ஒரு பர்னர்தான், அரிசி எந்த மூட்டை என்று தெரியும், பத்து நிமிடம் அடுப்பருகே நிற்க முடியும் என்றால் அரிசியும் பருப்பும். விசில் எண்ணுவதை டி.வி. பார்க்கும் பிள்ளையிடம் ஒப்படைக்கிற நாளில் இதைத் தொட வேண்டாம், அந்த எண்ணிக்கை ஒருபோதும் சரியாக இருந்ததில்லை. கொள்ளை மழை நாளுக்கும் குளிர் மாதத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். சூடு என்பதால் கோடையில் எங்கள் பக்கத்துப் பெரியவர்களே அதைத் தள்ளி வைப்பார்கள்.

மிச்சத்தில் மட்டும் இந்த வரிசை தலைகீழாகிறது. பச்சைப் பயறு மறுநாள் இறுகி, சூடேற்றினாலும் முதல் நாள் மணம் வராது. அரிசியும் பருப்பும் காலையில் தயிரோடு ஓரளவு போகும். சந்தகை மீந்தால் எலுமிச்சம் பழம் பிழிந்து தாளித்துவிடலாம். கொள்ளுக் கடைசல்தான் மறுநாள் இன்னும் சேர்ந்துபோய் நன்றாக இருக்கும். இரவே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, காலையில் அதில் நல்லெண்ணெய் விட்டு இட்லிக்குத் தொட்டுக்கொள்ளலாம்.