13 வயதுப் பூனையின் அழுகையை ‘கவன ஈர்ப்பு’ என்று சொல்லி எங்களை ஏமாற்றிய கதை

வயதான பூனை வைத்திருப்பவர்கள் இதைக் கடைசிவரை படித்துவிடுங்கள். நேரில் பார்க்காமலே பூனையின் குணத்தை மாற்றித் தருகிறேன் என்று சொன்ன ஒருவரை நம்பி 9 வாரங்களைத் தொலைத்தோம். அந்த 9 வாரத்தில் எங்கள் பொட்டுவுக்கு வலது கண் போய்விட்டது. பணம் போனதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பொட்டுவுக்கு அப்போது 13 வயது. உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் மட்டும் கருப்பாக ஒரு புள்ளி. சின்ன வயதிலிருந்தே யாரிடமும் ஒட்டாதவள். நாங்கள் உட்கார்ந்திருந்தால் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். மடியில் தூக்கி வைத்தால் பத்து எண்ணுவதற்குள் இறங்கிவிடுவாள். அப்படிப்பட்டவள் திடீரென்று காலையே சுற்றிவர ஆரம்பித்தாள். சமையலறைக்குப் போனால் பின்னாலேயே வருவாள். குளியலறைக் கதவை மூடினால் வெளியே நின்று அழுவாள். ராத்திரி மூன்று மணிக்கு வந்து முன்னங்காலால் கன்னத்தைத் தட்டுவாள். அப்புறம் கூடத்துக்குப் போய் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எழுப்புவாள். 13 வருடத்தில் அப்படி ஒரு குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

முதலில் சந்தோஷமாகக்கூட இருந்தது. வயதாக வயதாகப் பாசம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டோம். மூன்று வாரம் யாருக்கும் தூக்கம் இல்லாமல் போன பிறகுதான் ஆளைத் தேடினோம்.

அவர் ஒரு விளம்பர வீடியோவில் வந்தார். பூனை நடத்தை நிபுணர் என்று போட்டிருந்தது. அந்தப் பட்டத்தை யார் வேண்டுமானாலும் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. 20 நிமிட வீடியோ அழைப்பு. ராத்திரி யார் எழுந்து போகிறீர்கள், போனதும் என்ன செய்கிறீர்கள், சாப்பாடு வைப்பீர்களா என்று கேட்டார். நான் எடுத்து வைத்திருந்த 40 வினாடி வீடியோவைப் பார்த்தார். உடனே சொல்லிவிட்டார்: "இது சுத்தமான கவன ஈர்ப்பு. நீங்கதான் பழக்கிவிட்டிருக்கீங்க."

அவர் கேட்காததை இப்போது வரிசையாகச் சொல்ல முடியும். எடை எவ்வளவு என்று கேட்கவில்லை. தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறாளா, மணல் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாகி இருக்கின்றனவா என்று கேட்கவில்லை. கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்கவில்லை. வயதைக்கூட நானாகத்தான் சொன்னேன். "டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடட்டுமா?" என்று நான் கேட்டதற்கு, "வேண்டாம், ஊசி போட்டு ரத்தம் எடுத்தா பயம் இன்னும் கூடும், நம்ம பயிற்சி கெட்டுடும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

எட்டு வாரத் திட்டம் கொடுத்தார். ராத்திரி படுக்கையறைக் கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு கத்தினாலும் எழக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, கண்ணைப் பார்க்கக்கூடாது. சாப்பாடு இரண்டு வேளை மட்டும். நடுவில் தட்டருகே போய் நின்று அழுதால் கண்டுகொள்ளக்கூடாது. முதல் சில வாரம் கத்தல் அதிகமாகும் என்றும் சொல்லி வைத்தார். "அணையப் போற விளக்கு பிரகாசமாத்தான் எரியும். அப்போ விட்டுக்கொடுத்தா எல்லாம் வீண்."

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான இளம் பூனை விடியற்காலையில் சாப்பாட்டுக்காக எழுப்பினால், கண்டுகொள்ளாமல் விடுவது உண்மையிலேயே பலன் தரும் முறைதான். விடுகிற கட்டத்தில் கத்தல் கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் உள்ளே நோய் இருக்கிற பூனைக்கு இதே முறையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். நோய் முற்றுகிறது, கத்தல் கூடுகிறது. கூடக் கூட, திட்டம் பலிக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நிலைமை மோசமாவதையே முன்னேற்றத்துக்கு அடையாளம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், எந்த வீட்டிலும் யாரும் நடுவில் நிறுத்த மாட்டார்கள். நாங்களும் நிறுத்தவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் தலையணையால் காதை மூடிக்கொண்டு கிடந்தோம்.

கூடவே அமைதிக்கான சொட்டு மருந்து என்று ஒரு புட்டி அனுப்பினார். மேலே ‘மூலிகை’ என்று மட்டும் இருந்தது. உள்ளே என்ன, எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. கழுத்துப் பட்டையில் தடவச் சொன்னார். இரண்டாம் நாள் பொட்டு அதை நக்கிவிட்டு வாயில் நுரைதள்ள எச்சில் வடித்தாள். பயந்துபோய் எடுத்து எறிந்துவிட்டேன். மனிதருக்கும் நாய்க்கும் ஒத்துப்போகிற பல பொருள்களைப் பூனையின் கல்லீரல் உடைத்து வெளியேற்றாது. அதற்கு வேண்டிய நொதி பூனைக்குக் குறைவு. டீ ட்ரீ எண்ணெய் மாதிரியான வாசனை எண்ணெய்கள் அதனால்தான் பூனைக்கு விஷமாகின்றன. பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே உயிரை எடுத்துவிடும். உள்ளே இருப்பதை எழுதாத எந்தப் புட்டியையும் பூனை மேல் தடவாதீர்கள்.

ஆறாவது வாரம் அக்கா வந்திருந்தாள். அவளுக்குத் திட்டம் எதுவும் தெரியாது. வந்ததும் பொட்டுவைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. "என்னடி இது, பஞ்சுப் பொதி மாதிரி இருக்க? எலும்பு குத்துதே" என்றாள். நானும் தடவிப் பார்த்தேன். முதுகுத்தண்டின் ஒவ்வொரு முடிச்சும் விரலில் தட்டியது. ரோமம் அடர்த்தியாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஆறு வாரமாகத் தொட்டுத் தடவாததால் கைக்கும் தெரியவில்லை. அன்றைக்கே அவருக்கு எழுதினேன். "சாப்பாட்டு நேரம் மாறியிருக்கு, கொஞ்சம் இளைக்கும். தொடருங்க" என்று பதில் வந்தது. கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். அதற்கு மேல் அவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பதாவது வாரம் ஒரு நாள் காலையில், எப்போதும் ஏறுகிற நாற்காலிக்குத் தாவினாள். ஒரு சாண் தள்ளிக் கீழே விழுந்தாள். எழுந்து நடந்து மேசைக் காலில் முட்டிக்கொண்டாள். ஜன்னல் வெயில் நேராக முகத்தில் அடித்தது, ஆனால் இரண்டு கண்மணியும் இருட்டில் இருப்பதுபோல அகலத் திறந்தே இருந்தன. அதைப் பார்த்த பிறகு யாரையும் கேட்கவில்லை. நேரே டாக்டரிடம் ஓடினோம்.

அந்த அம்மா முதலில் எடை போட்டார். முந்தைய தடுப்பூசி அட்டையில் 4.6 கிலோ இருந்தது, இப்போது 3.4. கால் பங்குக்கு மேல் போயிருக்கிறது. 60 கிலோ ஆள் 44 கிலோ ஆன மாதிரி. கழுத்தில் குரல்வளைக்குப் பக்கத்தில் இரண்டு விரலை மேலும் கீழும் ஓட்டி, "இங்கே ஒரு கட்டி நழுவுது பாருங்க" என்றார். இதயம் நிமிடத்துக்கு 240 தடவை அடித்தது. பத்து நிமிடம் இருட்டறையில் அமைதியாக உட்காரவைத்த பிறகு ரத்த அழுத்தம் எடுத்தார். 210. பூனைக்கு 160-ஐத் தாண்டினாலே அதிகம், 180-க்கு மேல் கண்ணுக்கும் மூளைக்கும் ஆபத்து என்றார். வலது கண்ணில் விழித்திரை பிரிந்துவிட்டது. இடது கண்ணில் ரத்தக் கசிவு.

மறுநாள் ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் நோய். பத்து வயதுக்கு மேற்பட்ட பூனைகளுக்கு வரும் சுரப்பி நோய்களில் மிகச் சாதாரணமானது இதுதானாம். 1979-லேயே இதைப் பூனைகளில் விவரித்து எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத கட்டிதான். மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை என்று வழிகளும் இருக்கின்றன. அறிகுறிகளை அவர் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு கலங்கியது: நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, தீராத பசி, நிலைகொள்ளாமல் அலைவது, அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, ராத்திரியில் கத்துவது. பொட்டு தட்டருகே நின்று அழுதது பசியால். உடம்பு தன்னையே தின்றுகொண்டிருந்த ஒரு ஜீவனுக்கு நாங்கள் நடுவேளைச் சாப்பாட்டை நிறுத்தி வைத்திருந்தோம்.

அந்த 40 வினாடி வீடியோவை டாக்டரிடமும் காட்டினேன். ஒரு தடவை பார்த்துவிட்டு, "நீங்க எதிர்ல வந்து நின்ன பிறகும் கத்தல் நிக்கல, கவனிச்சீங்களா?" என்றார். திரும்பப் பார்த்தேன். நான் குனிந்து பெயரைச் சொல்கிறேன். பொட்டு என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு அப்பால் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கிறாள். கவனம் வேண்டும் என்று அழுகிற பூனை, கவனம் கிடைத்ததும் பெரும்பாலும் அடங்கும். காலில் உரசும், வழிகாட்டி எங்காவது கூட்டிப்போகும். நிபுணர் என்று சொல்லிக்கொண்டவர் இதே வீடியோவைத்தான் பார்த்தார்.

திட்டத்தை விற்றவரிடம் மருத்துவ அறிக்கையை அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மருத்துவப் பிரச்சினை எங்கள் எல்லைக்கு வெளியே, விதிமுறையில் எழுதியிருக்கிறது" என்று பதில் வந்தது. எழுதியிருக்கிறதுதான், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். டாக்டரிடம் போக வேண்டாம் என்று வாயால் சொன்னது எங்கும் எழுதப்படவில்லை. இரண்டு நாளில் பழைய செய்திகளை அழித்துவிட்டு என்னைத் தடுத்தும் வைத்தார். நான் படம் பிடித்து வைத்திருந்தது ஆறாவது வாரப் பதில் ஒன்றுதான். அதை வைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்கள் யாரிடமாவது இப்படி ஆலோசனை கேட்டால், அழைப்பு முடிந்ததும் "நீங்கள் சொன்னது இதுதானே" என்று எழுதி அனுப்பி, பதிலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான நடத்தை வல்லுநர்களும் இருக்கிறார்கள். பிறகு ஒருவரிடம் பேசினோம். முதல் கேள்வியே, "டாக்டர் பார்த்துட்டாரா? அறிக்கையை அனுப்புங்க, அப்புறம் பேசலாம்" என்பதுதான். வயதான பூனையைப் பற்றிப் பேசும்போது இதைக் கேட்காதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கிழப் பூனை ஒன்று திடீரென்று ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் தைராய்டு மட்டும் இல்லை. சிறுநீரகம் தளரலாம். காது மங்கினால் தன் குரல் தனக்கே கேட்காமல் சத்தமாகக் கத்தும். மூட்டுவலி வந்தால் ஏற முடியாமல் நம்மைக் கூப்பிடும். 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரேயைப் பார்த்த ஓர் ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. மூளை தளர்ந்து, இருட்டில் எங்கே நிற்கிறோம் என்று புரியாமலும் அழும். இதில் எது என்பது தொட்டுப் பார்த்து, ரத்தமும் அழுத்தமும் பார்த்தால்தான் தெரியும். மூளைத் தளர்ச்சி என்ற முடிவுக்கே மற்றதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வர வேண்டும் என்றார் டாக்டர். பத்து வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, கூடவே ரத்த அழுத்தம். வீட்டில் மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பார்த்து, நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பொட்டு இப்போது தைராய்டுக்கு மெதிமசோலும் அழுத்தத்துக்கு அம்லோடிபினும் சாப்பிடுகிறாள். இரண்டும் மனிதர் சாப்பிடுகிற மருந்துகள்தான். ஆனால் பூனைக்கான அளவு மிகச் சிறியது, வீட்டில் இருக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். தைராய்டு அடங்கிய பிறகு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறியது. இத்தனை நாள் வேகமாக ஓடிய ரத்தம் சிறுநீரகக் கோளாறை மறைத்து வைத்திருந்ததாம். அதற்கும் தனி உணவு. எடை 4.1 ஆகியிருக்கிறது, அழுத்தம் 150. வலது கண் திரும்பவில்லை. இடது கண்ணால் சமாளிக்கிறாள். ராத்திரி கூடத்தில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது, மணல் தட்டின் விளிம்பைத் தாழ்வாக வெட்டிவிட்டோம். மூன்று மணிக்கு எப்போதாவது கூப்பிடுவாள். எழுந்து போனால் நிறுத்திவிட்டு, இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறாள். படுக்கையறைக் கதவை இப்போது நாங்கள் பூட்டுவதில்லை.

அந்த விளம்பரம் வேறு பெயரில் இன்னும் ஓடுகிறது. "டாக்டர் வேண்டாம், ஊசி வேண்டாம், எட்டே வாரம்" என்று ஆரம்பிக்கும்.