போக்கர்ட்ராக்கர் 4: எண்களை மூடிவிட்டு ஆடினால்தான் பயன்

நகரி, புத்தூர்ப் பக்கத்து ஆட்டக்காரர்களுக்கு முதலில் ஒன்று: ஆந்திராவில் ஆன்லைன் போக்கருக்கு 2020லேயே தடை. 2025 மத்தியச் சட்டத்துக்குப் பிறகு எல்லை தாண்டித் திருத்தணிக்குப் போனாலும் காசு வைத்து ஆட முடியாது. ஆக, போக்கர் சீட்டாட்டத்தைப் பதிவு செய்யும் போக்கர்ட்ராக்கர் 4 மென்பொருளுக்கான இந்த மதிப்புரை இலவசச் சிப் மேசைக்கு மட்டும்.

மென்பொருள் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும், மொபைலில் கிடையாது. ஆடிய கைகளை (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு கை) சேமித்து, எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் எண்களைக் காட்டும். வம்பே அங்கேதான். 30 கையில் 9 முறை சிப் போட்டவருக்கு 30% என்று காட்டும். இன்னும் மூன்று கை அவருக்கு நல்ல சீட்டு வந்தால் அது 36% ஆகிவிடும். அதை நம்பி எப்படிக் கூப்பிடுவது, அதாவது அவர் போட்ட அளவு சிப்பை நாமும் போடுவது? சிப் இலவசம் என்றால் ஆளும் நிமிடத்துக்கு ஒரு விதமாக ஆடுவார்.

எண்களை மறைத்து ஒரே மேசையில் 45 நிமிடம் உட்காருங்கள். நம்ம ஊர்த் தறிச் சத்தம் பழகிவிடும். வாட்ஸ்அப் சத்தம்தான் கெடுக்கும். உங்கள் சீட்டை மடித்து அந்தக் கையிலிருந்து விலகிய பிறகும் மேசையைப் பாருங்கள்: யார், எந்த இடத்திலிருந்து, பந்தயத்தை எவ்வளவு ஏற்றினார், கடைசியில் எதைக் காட்டினார். மேசை நடுவே சேர்ந்த சிப் 200, எதிராளி மேலும் 100 போடுகிறார் என்றால் கூப்பிட 25% வெல்லும் வாய்ப்பு வேண்டும். ஃபிளாப்பில் (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) ஃபிளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு பாக்கி என்றால், பார்க்காத 47 சீட்டில் உதவுவது 9, அடுத்த சீட்டில் வாய்ப்பு சுமார் 19%தான், அந்த 25%க்குக் குறைவு. இந்தக் கணக்கு மனதில் ஓட வேண்டும், திரையில் அல்ல.

ஆட்டம் முடிந்தபின் கைகளைத் திருப்பிப் பார்க்கும் வசதி அருமை. 14 நாள் இலவசச் சோதனை அதற்கே போதும்.