வீவக வீட்டில் ‘ஈஸ்’ திட்டம்: கம்பி எங்கே வேண்டும் என்று அம்மாவே காட்டினார்

எண்பதை நெருங்கும் அம்மாவுடன் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை வீட்டில் வசிக்கும் எங்களுக்கு, மூத்தோருக்கேற்ப வீட்டை மாற்றியமைக்கும் ‘ஈஸ்’ திட்டம் பெரும் நிம்மதியைத் தந்திருக்கிறது. 2012ல் தொடங்கிய இத்திட்டத்தில், சிங்கப்பூர்க் குடிமக்களின் செலவில் பெரும்பங்கை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறது. மூவறை வரையிலான வீடுகளுக்கு 5 விழுக்காடு, நான்கறைக்கு 7.5 விழுக்காடு, ஐந்தறைக்கு 10 விழுக்காடு செலுத்தினால் போதும். வீட்டில் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடைய ஒருவர் இருக்க வேண்டும். 60 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்குக் குளித்தல், உடுத்துதல் போன்ற அன்றாடச் செயல்களில் ஒன்றிலேனும் பிறர் உதவி தேவைப்பட்டால், அவர்களுக்காகவும் விண்ணப்பிக்கலாம்.

எங்களுக்கு அதிகம் பயன்பட்டவை கைப்பிடிக் கம்பிகள்தான். அதுவரை அம்மா கழிவறையில் எழுந்திருக்கும்போது துண்டு காயப்போடும் கம்பியைத்தான் பற்றிக்கொள்வார். அதன் திருகாணிகள் தளர்ந்து சுவரில் சுண்ணாம்பு உதிரத் தொடங்கியிருந்தது. ஈரத்துணியைத் தாங்குவதற்காகப் பொருத்திய கம்பி ஓர் ஆளின் எடையைத் தாங்காது என்பது தெரிந்திருந்தும், பல வீடுகளில் இன்றும் அதுவே ஊன்றுகோலாக இருக்கிறது. இடம் பார்க்க வந்தவர் அம்மாவையே உட்காரச் சொல்லி, எழும்போது கை இயல்பாக எங்கே போகிறது என்று கவனித்து, சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அம்மாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம் உண்டு. இடது கைக்கு எட்டும்படி ஒரு கம்பி சாய்வாக அமைந்ததால்தான் இப்போது யாரையும் கூப்பிடாமல் எழுகிறார். ஆகவே, கம்பிகளைப் பயன்படுத்தப்போகும் மூத்தவர் வீட்டில் இருக்கும் நேரத்திலேயே ஆட்களை வரச் சொல்லுங்கள். பிள்ளைகள் தங்கள் உயரத்துக்கு இடம் காட்டினால் வேலை சுத்தமாக இருந்தும் பயன் இருக்காது.

குளியலறைத் தரைக்கு வழுக்கலைக் குறைக்கும் பூச்சு வேலையும் செய்தார்கள். பழைய ஓடுகளைப் பெயர்க்கவில்லை. ஈரத்தில் கால் வைத்தால் இப்போது பிடிமானம் தெரிகிறது. ஆனால் சவர்க்காரப் படிவு சேர்ந்தால் எந்தத் தரையும் வழுக்கும் என்பதால், தேய்த்துக் கழுவும் வேலை குறையவில்லை. வாசற்படியில் சரிவுப்பலகை வைக்கும் வசதியும் இருக்கிறது. 2024ல் மடக்கும் குளியல் இருக்கை போன்றவையும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நின்று குளிக்க முடியாதவர்களுக்கு இந்த இருக்கையை உறுதியாகப் பரிந்துரைப்பேன்.

திட்டத்தின் கவனம் பெரும்பாலும் குளியலறையிலேயே இருப்பது எனக்கு ஒரு குறையாகப் படுகிறது. இரவில் படுக்கையிலிருந்து கழிவறை வரை நடக்கும் பாதையும் அதே அளவு ஆபத்தானது. அசைவு உணர்ந்து எரியும் சிறு விளக்குகளை நாங்களே வாங்கிப் பொருத்தினோம். அறை வாசலில் கிடந்த மிதியடிகளையும் எடுத்துவிட்டோம்.

உங்கள் புளோக்கில் பழைய வீவக வீடுகளைப் புதுப்பிக்கும் வீட்டு மேம்பாட்டுத் திட்டம் நடைபெறவிருந்தால் ‘ஈஸ்’ வேலைகளையும் அதனுடன் கேட்டுப் பெறலாம். அது வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. வீவகவிடம் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம்.