"உயரமெல்லாம் சரியாக வரும்" என்று சொல்லி விற்ற குதிரை டிரெய்லர்: ஓர் எச்சரிக்கை

மகளின் குதிரையைப் போட்டிகளுக்குக் கொண்டுசெல்ல, இரண்டு குதிரைகள் ஏறக்கூடிய பழைய டிரெய்லர் ஒன்றை டெக்சஸில் ஒரு விற்பனையகத்தில் வாங்கினோம். எங்களுடையது ஃபோர் வீல் டிரைவ் உள்ள 'முக்கால் டன்' எனப்படும் கனரக பிக்கப் வண்டி, அதன் பின்புறம் உயரம் என்று விலை பேசும்போதே சொல்லி, டிரெய்லர் மட்டமாக நிற்கும்படி இணைப்பின் உயரத்தை அளந்து பொருத்தித் தரும்படி கேட்டிருந்தோம். அதற்கென்று தனிக் கட்டணமும் பில்லில் ஏறியது.

கொடுத்ததோ 2 அங்குலம் மட்டுமே கீழிறங்கும் பால் மவுண்ட் (பிக்கப்பின் பின்னால் செருகி, டிரெய்லரை மாட்டும் உருண்டையைத் தாங்கும் இரும்புத் துண்டு). மாட்டியவுடனேயே டிரெய்லரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கேட்டதற்கு, "குதிரை ஏறினால் பாரத்தில் தானாக அமர்ந்துவிடும்" என்றார் விற்பனையாளர். பாரத்தில் பின்புறம் கொஞ்சம் தாழும் என்பது உண்மைதான். ஆனால் கனமான ஸ்பிரிங் உள்ள பிக்கப்பில் ஒரு குதிரைக்காக அது எவ்வளவுதான் தாழும்?

நெடுஞ்சாலையில் பெரிய லாரி கடக்கும்போதெல்லாம் டிரெய்லர் வாலாட்டியது. வழியில் நிறுத்திச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தால், முன் அச்சின் ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி) வெதுவெதுப்பாகவும், பின் அச்சின் ஹப் கை வைக்க முடியாத சூட்டிலும் இருந்தன. குதிரை பின்கம்பியில் முழுப் பாரத்தையும் சாய்த்து, வியர்த்து நின்றிருந்தது.

காரணம் எளிது. எங்கள் டிரெய்லரில் இருப்பது ரப்பர் டார்ஷன் அச்சுகள், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் அச்சுக்குள் உள்ள ரப்பரே அதிர்வைத் தாங்கும் வகை. இரு அச்சுகளின் இலைப்பட்டை ஸ்பிரிங்குகளையும் ஈக்வலைசர் என்ற சமன்படுத்தும் நெம்புகோலால் இணைத்த அமைப்பைப் போல இவை இரண்டும் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தாங்குகிறது. ஆகவே முன்பக்கம் உயர்ந்தால் எடை பின் அச்சின் தலையில் விழுகிறது. அதன் டயர்கள் திணறுகின்றன. கொக்கியின் (பிக்கப்போடு இணையும் இடத்தின்) மேல் விழும் எடையும் மாறிவிடுகிறது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இருந்தால்தான் டிரெய்லர் ஆடாமல் வரும்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க ஓர் அளவுநாடாவும் ரசமட்டமும் போதும். சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கைச் சுழற்றி டிரெய்லரின் தளத்தை மட்டமாக்கிவிட்டு, தரையிலிருந்து கப்ளரின் (உருண்டையின் மேல் கவியும் டிரெய்லர் முனையின்) அடிவிளிம்பு வரை அளந்தேன்: 18 அங்குலம். தரையிலிருந்து பிக்கப்பின் ரிசீவர் துளையின் (பால் மவுண்டைச் செருகும் குழாயின்) உள்மேற்பரப்பு வரை 24 அங்குலம். ஆக, 6 அங்குலம் கீழிறங்கும் மவுண்ட் வேண்டிய இடத்தில் 2 அங்குல மவுண்டைச் செருகிவிட்டு, அளந்து பொருத்தியதாகக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

திரும்பப் போய்க் கேட்டபோது, "உள்ளது உள்ளபடி" விற்பனை என்ற வரியைக் காட்டினார்கள். அந்த வரி டிரெய்லருக்குப் பொருந்தலாம். பொருத்தும் வேலைக்கு வாங்கிய கூலிக்கு எப்படிப் பொருந்தும் என்பதற்குப் பதில் இல்லை. மாறாக, கூஸ்நெக் டிரெய்லருக்கு (கழுத்துப் போல நீண்டு பிக்கப் தொட்டிக்குள் மாட்டும் வகைக்கு) மாறிவிடலாமே என்று ஒரு யோசனை! அதில் பிக்கப் தொட்டியின் பக்கச்சுவருக்கும் டிரெய்லர் கழுத்தின் அடிப்பாகத்துக்கும் சுமார் 6 அங்குல இடைவெளி வேண்டும் என்பதையும், உயரமான பிக்கப்பில் அதற்காகக் கழுத்தை ஏற்றினால் முன்பக்கம் மறுபடியும் தூக்கிக்கொள்ளும் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை.

வேறு கடையில், உயரத்தை மாற்றக்கூடிய மவுண்டை அதில் பொறித்துள்ள எடைத்திறனைப் பார்த்து வாங்கிப் பொருத்தியபின் டிரெய்லர் மட்டமாக ஓடுகிறது. தேய்ந்த பின் டயர்கள் இரண்டும் எங்கள் செலவில்தான் மாறின. நீங்கள் வாங்கும்போது கப்ளர் உயரம், ரிசீவர் உயரம் ஆகிய இரு அளவுகளையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். குதிரையை ஏற்றிய பிறகு ஒருமுறை ரசமட்டத்தை வைத்துப் பார்க்காமல் மீதித் தொகையைக் கொடுக்காதீர்கள்.