குடேயாவின் கற்சிலையும் ஊர்-நம்முவின் செப்புப் படிமமும்

இரண்டும் சுமேரிய (பண்டைய தெற்கு ஈராக்) ஆட்சியாளரின் உருவங்கள், இரண்டும் கோயிலுக்கானவை. ஒன்று தரைக்கு மேலே, மற்றொன்று அடித்தளத்துக்குள்ளே.

கி.மு. 22ஆம் நூற்றாண்டில் லகாஷ் நகர அரசை ஆண்ட குடேயா, மகான் நாட்டிலிருந்து (இன்றைய ஓமான் பக்கம்) கடல்வழியே டயோரைட் என்னும் கருமையான, கடினமான கல் தருவித்தார். கிர்சு நகரில் நின்கிர்சு என்ற தெய்வத்தின் கோயிலில் வைத்த சிலை, மடியில் கட்டட வரைபடத்தோடு அமர்ந்திருக்கிறது. வெள்ளியோ நீலக்கல்லோ செம்போ இதில் இல்லை, டயோரைட் மட்டுமே என்கிறது அதன் கல்வெட்டு. உலோகத்தை உருக்கிவிடலாம், இந்தக் கல்லை முடியாது. சிலைக்கென்று பெயர் உண்டு, அன்றாடப் படையலும் உண்டு: 1 சிலா பீர், 1 சிலா ரொட்டி, அரை சிலா மாவு, அரை சிலா கோதுமை நொய். ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். மன்னர் வேறிடத்தில் இருந்தாலும், இறந்தே போனாலும், அவருக்காகத் தெய்வத்தின் முன் வேண்டி நிற்பது சிலைதான். அதனால்தான் படையலை நிறுத்துபவனின் படையலும் நிற்கட்டும் என்று சபிக்கிறது கல்வெட்டு. ஆனால் கண்ணில் படுவது கையிலும் படும்: தலை உடைந்து போயிற்று.

ஊர் என்ற சுமேரிய நகரின் மன்னர் ஊர்-நம்முவின் செப்புப் படிமம் ஒரு முழம்கூட இராது. தலையில் மண்கூடை, மன்னரே கோயில் கட்டும் கூலியாள். நிப்பூர் நகரில் அதைச் சுட்ட செங்கல் பெட்டிக்குள், நிலக்கீல் பூசி, கல் பலகையோடு புதைத்தார்கள். படையல் கிடையாது. தெய்வமும், பின்னாளில் கோயிலைப் புதுப்பிக்கத் தோண்டும் மன்னரும் மட்டுமே அதன் பார்வையாளர்கள். தலையும் கூடையும் இன்றும் முழுசாக இருப்பது அந்த மறைவால்தான்.