மட்டக்களப்பு வார்ட்டில் மாமாவுக்குத் துணையாக

விடுமுறைக்கென்று கனடாவில் இருந்து மட்டக்களப்புக்கு வந்தேன், ஆனால் பாதி நாள் வார்ட்டில்தான் போனது. ஊரில் புற்றுநோய்க்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள்.

மாமாவுக்கு நுரையீரலில் சிறுகலப் புற்றுநோய். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கீமோ ஏற்றி முடிந்து, ஊரில் கிளினிக் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று மேல்வயிற்றில் வலி, அப்படியே முதுகுக்கு ஊடுருவுது என்றார், சத்தி வேறு, நிமிர்ந்து படுக்கவே முடியவில்லை, முன்னுக்குக் குனிந்து இருந்தால்தான் கொஞ்சம் தாங்கும். தனியார் இடம் ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். கேஸ்ட்ரிக் என்று குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள், நோய், மருந்து விபரமெல்லாம் எழுதியிருக்கும் கிளினிக் கொப்பியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரவு வலி கூட, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். அம்புலன்ஸ் வந்து போதனா வைத்தியசாலைக்கு ஏற்றிப்போனது, காசு ஒன்றும் இல்லை. அங்கே இருந்த இளம் டொக்டர் முதலில் கேட்டதே கொப்பியைத்தான். குடிப்பாரா, பித்தக்கல் இருக்கிறதா என்று விசாரித்தார், ஏனென்றால் அவர் சந்தேகப்பட்ட கணைய அழற்சி, அதாவது கணையம் வீங்குவது, பெரும்பாலும் அந்த இரண்டாலும்தான் வரும். மாமாவுக்கு இரண்டும் இல்லை. கணையம் சுரக்கும் அமிலேஸ் என்ற நொதி இரத்தத்தில் இருக்கவேண்டியதைவிட மூன்று மடங்குக்கு மேல். புற்றுநோயில் கல்சியம் ஏறினாலும் கணையம் வீங்குமாம், அதையும் பார்த்தார்கள், அது சரியாகவே இருந்தது. சீ.டீ. ஸ்கானில்தான் பிடிபட்டது: நுரையீரலில் இருந்து பரவிய கட்டி கணையக் குழாயை நெரிக்கிறது. கணையநீர் குடலுக்குப் போக வழியில்லாமல் தேங்கி, கணையத்தையே அரிக்கத் தொடங்கிவிடும். அரிதுதான், ஆனால் இந்த வகைப் புற்றுநோயில் நடக்கும் என்று டொக்டர் மாமிக்கு விளங்கும்படி இருந்து சொன்னார்.

சேலைன், வலிக்கு ஊசி, முதலில் வாயால் ஒன்றும் இல்லை, வலி குறையக் குறையக் கஞ்சி. தாதிமார் ஓய்வில்லாமல் ஓடுகிறார்கள், அப்படியிருந்தும் மாமாவை "ஐயா" என்றுதான் கூப்பிட்டார்கள். கஷ்டம் என்றால், ஒரு பரிசோதனைக்கு இரத்தத்தை நாங்களே வெளி லாப்புக்குக் கொண்டு ஓடவேண்டி வந்தது. டொக்டரோடு கதைக்கவும் காலை ரவுண்ட் நேரம்தான், அதைத் தவறவிட்டால் அடுத்த நாள்தான்.

புற்றுநோய் உள்ளவருக்கு வலி முதுகுக்குப் போனால் அமிலேஸ், அதேபோல இன்னொரு கணைய நொதியான லிபேஸ் இரண்டும் பார்த்தீர்களா என்று நீங்களே கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

மாமாவுக்கு இப்போது வலி அடங்கிவிட்டது. கட்டி சுருங்கத் திரும்பவும் கீமோ ஏற்றவேண்டும், உடம்பு தாங்குமா என்று அடுத்த கிளினிக்கில் பார்த்துத்தான் முடிவெடுப்பார்களாம்.