மறுபரிசீலனை கேட்பது யார்? டிஆர்எஸ்ஸும் விஏஆரும்

கிரிக்கெட்டின் டிஆர்எஸ் (தீர்ப்பு மறுபரிசீலனை முறை), கால்பந்தின் விஏஆர் (வீடியோ உதவி நடுவர்) இரண்டுமே வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பைத் திருத்துபவைதான். ஆனால் எல்பிடபிள்யூ (ஸ்டம்பில் பட வேண்டிய பந்தைக் காலால் தடுத்து அவுட்டாவது) போன்ற தீர்ப்பை எதிர்த்துக் கேட்கும் உரிமை கிரிக்கெட்டில் ஆடுபவர் கையில் இருக்கிறது. விஏஆரில் அது வீடியோ அறை நடுவர்களிடம் போய்விட்டது. டிஆர்எஸ்ஸே மேல் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்த உரிமைக்கு அளவும் உண்டு. டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் ஓர் அணி 3 ரிவ்யூ (மறுபரிசீலனை) வரை தோற்கலாம், ஒருநாள், டி20 போட்டிகளில் 2. 2019 ஹெடிங்லி டெஸ்டில் ஆஸ்திரேலியா கடைசி ரிவ்யூவை இங்கிலாந்தின் லீச்சுக்கு எதிராக வீணாக்கியது. அடுத்த ஓவரிலேயே ஆஸ்திரேலியாவின் லயன் வீசிய பந்தில் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் எல்பிடபிள்யூ ஆகியிருக்க வேண்டும். நடுவர் தரவில்லை, கேட்க ரிவ்யூவும் இல்லை. இங்கிலாந்து 1 விக்கெட்டில் ஜெயித்தது. வலிக்கத்தான் செய்யும், ஆனால் ரிவ்யூவைச் செலவழித்தது ஆஸ்திரேலியாதானே!

2023 செப்டம்பரில் லிவர்பூலுக்கு நடந்தது அப்படியல்ல. டாட்டன்ஹாமுக்கு எதிராக அதன் வீரர் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு ஆஃப்சைடு (பந்து பாஸ் ஆகும்போதே எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நிற்பது) கொடி தூக்கினார்கள். அது ஆஃப்சைடு இல்லை என்று வீடியோவில் தெரிந்தது. ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்ட விஏஆர் அறை நடுவர், 'சரிபார்த்தாயிற்று' என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடங்கிய பிறகுதான் தவறு புரிந்தது. விதிப்படி திரும்பிப் போக வழியில்லை. டாட்டன்ஹாம் 2-1 என வென்றது. தொழில்நுட்பம் சரியாகத்தான் காட்டியது, பேச்சில்தான் கோளாறு. கிரிக்கெட்டில் மூன்றாம் நடுவர் பேசுவது நேரலையிலேயே கேட்கும். கால்பந்தில் அந்த உரையாடல் பின்னர்தான் வெளியானது.

அடுத்தது, பலர் திட்டும் 'அம்பயர்ஸ் கால்'. பந்தில் பாதிக்கும் குறைவாக ஸ்டம்பில் படும் என்று கணிப்பு காட்டினால் கள நடுவர் சொன்னதே நிற்கும். ஒரே பந்து ஒருவருக்கு அவுட், இன்னொருவருக்கு நாட் அவுட்டா என்று கோபம் வருவது நியாயம்தான். ஆனால் பேடில் பட்டபின் பந்து போகும் பாதை வெறும் கணிப்பு. கணிப்பில் பிழை இருக்கும் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்வது எனக்கு நேர்மையாகவே படுகிறது.

ஆஃப்சைடில் மட்டும் கால்பந்து முன்னே போய்விட்டது. 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆஃப்சைடைக் கண்டறிய 12 கேமராக்களும், நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார் பந்தும் இருந்தன.

கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் இடைவெளி உண்டு, கால்பந்தில் ஏது என்பார்கள். சரி, 2024 இருபது வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் பயிற்சியாளரே ஆட்டத்துக்கு 2 முறை மறுபரிசீலனை கேட்கலாம் என்று ஃபிஃபா சோதித்ததே! கேமரா குறைவான போட்டிகளுக்காக வந்த அந்த ஏற்பாட்டை இங்கிலாந்து பிரீமியர் லீக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும்.